பாயோடு போன புத்தகம்

ராமநாதபுரத்துக்குக் குடிவந்த மறுநாள் காலையிலேயே என் வீட்டுக் குப்பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபத்தில் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை இன்னொருவர் திருப்பி அனுப்பிப் பார்த்திருக்கிறேன். குப்பையைத் திருப்பிக் கொடுத்து அன்றுதான் பார்த்தேன்.

நகராட்சியின் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் நின்றது. அதை ஓட்டி வந்த பெண் என்னைவிட இளையவள். என் வாளிக்குள் எட்டிப் பார்த்தவள் அதை அப்படியே என் பக்கம் நீட்டினாள்.

"கலந்து வச்சிருக்கீங்கக்கா. மக்குறது தனியா, மக்காதது தனியாத் தாங்க. இப்படியே வாங்கிட்டுப் போனா எங்களத்தான் ஏசுவாங்க."

"குப்பையில என்ன தனி? பந்தியா போடப்போறோம்?" என்று கேட்டேன். தெருவில் இரண்டு வீட்டுச் சன்னல் திறந்தது. என் குரல் அப்படி. என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான் போடுவது போல உள்ளேயே நின்றுகொண்டார். அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் அவர். அவருடைய மாற்றலால்தான் இந்த மாடி வீட்டுக்கு வந்திருந்தோம். மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான்.

எங்களுக்கு அபிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே குப்பை என்று தனியாக எதையும் நான் நினைத்ததில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுத் தொட்டிக்கு, காய்த்தோல் ஆட்டுக்கு, சாம்பல் பாத்திரம் தேய்க்க, சாணி உரக்குழிக்கு. பிளாஸ்டிக் பைகளைக் காற்று பார்த்துக்கொள்ளும். அவை பறந்துபோய்ச் சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும். யாரும் வாசலில் வந்து வாளியைச் சோதித்ததில்லை.

என் கூச்சலைக் கேட்டு உள்ளேயிருந்து அய்யா வந்தார். என் அப்பாவைத்தான் சொல்கிறேன். "ஏத்தா, அந்தப் புள்ள என்ன தப்பாச் சொல்லுது? வெத மொளகாயும் சந்தைக்குப் போற மொளகாயும் நாம பிரிக்கலையா?" என்று சொல்லிவிட்டு, அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து வாளியைக் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அதோடு வீட்டுக் குப்பை அவர் பொறுப்பாகிவிட்டது.

அய்யா எங்களோடு வந்ததே எனக்குப் பெரிய அதிர்ச்சி. அம்மா இறந்த பிறகு, ஒரே பிள்ளையான நான் எங்கே கூப்பிட்டாலும் ஊரைவிட்டு அசையாத மனிதர். பரமக்குடிக்குப் போனாலே பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். மாற்றல் ராமநாதபுரத்துக்கு என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்று, "அப்ப நானும் வாரேன்" என்று எழுந்து துணி எடுத்து வைக்கப் போய்விட்டார். என்ன திடீரென்று என்று கேட்டேன். "அங்கன பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல" என்றார். அதுவரை ஆஸ்பத்திரிப் படி ஏறியவரில்லை. வயதாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

வண்டிக்காரப் பெண்ணும் அய்யாவும் நல்ல கூட்டாளிகளாகிவிட்டார்கள். புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியவேண்டியதையெல்லாம் அவள்தான் அவருக்குச் சொன்னாள். நல்ல நிலையில் இருக்கும் பழைய துணி, பொம்மை, பள்ளிப் புத்தகமெல்லாம் குப்பையில் போடவேண்டாம், அதற்கு நகராட்சியில் தனி இடம் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றாள். உடைந்த பிளாஸ்டிக் குடத்தை வாங்கிக்கொண்டு பூண்டு கொடுப்பவர் எந்தக் கிழமை வருவார் என்றும் சொன்னாள். ஒரு நாள், "பேப்பர் படிக்க டீக்கடைக்கா போறீங்க தாத்தா? நூலகத்துக்குப் போங்க. ஃபேன் காத்துல உக்காந்து படிக்கலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றாள்.

"சும்மாவா விடுவாங்க?" என்றேன் நான்.

"சும்மாதான்க்கா. உறுப்பினராச் சேந்தா புத்தகம் வீட்டுக்கே குடுப்பாங்க."

முன்பின் தெரியாதவரை நம்பிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தனுப்புவார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அதுவும் அய்யாவின் ஆதாரில் ஊர் முகவரிதான் இருக்கிறது, இவருக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று அடித்துச் சொன்னேன். அய்யாவோ யார் யாரையோ பார்த்து, கேட்ட கையெழுத்தையெல்லாம் வாங்கிக் கொடுத்து, அட்டையோடு வந்து நின்றார். என் முகத்துக்கு நேராக அதை ஆட்டிக் காட்டினார். பிறகு தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சில நாள் மதியத்துக்கு வந்துவிடுவார். சில நாள் பொழுது சாயத்தான் வருவார். அப்படி வரும் நாளில் அவர்மேல் நண்டு வாடை அடிக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதோ மெஸ்ஸில் ருசி கண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கொண்டுவரும் புத்தகத்துக்குப் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டிருப்பார். கை வியர்வை பட்டுப் பொதுப்புத்தகம் கெட்டுவிடக் கூடாதாம். மாலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரே பாயில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக் கதை சொல்லுவார். நான் பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் அதன் பிறகு காலண்டர் தாளையும் பஸ் போர்டையும் தவிர எதையும் படித்த நினைவில்லை. அதனால் அய்யா சொல்லும் கதை எனக்குப் பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. சீரியலைக்கூட நிறுத்திவிட்டேன்.

கதை இதுதான். வானம் பார்த்த பூமியில் ஒருவன். மழை பொய்த்த வருடம், பிழைப்புக்காகக் கடற்கரைப் பக்கம் போய் உப்பளத்தில் வேலைக்குச் சேர்கிறான். அங்கே பதநீர் விற்கும் ஒரு பெண்ணோடு பழக்கமாகிறது. அவள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பெண், இவன் வேறு ஆள். யாருக்கும் சொல்லாமல் அவளோடு குடித்தனம் நடத்துகிறான். ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தை நடக்கப் பழகும் சமயத்தில், தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி இவனைப் பெற்றவர் வந்து கூட்டிப்போகிறார். ஊருக்குப் போனால் தாய் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறாள். இவனுக்கும் அக்கா மகளுக்கும் கல்யாணம் பேசி முடித்து, பந்தலும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"ஓடி வந்துட்டானா?" என்றேன்.

"இல்லத்தா. தாலி கட்டிட்டான்."

எனக்கு வந்ததே கோபம். அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு அந்த மனிதனைத் திட்டித் தீர்த்தேன். அவனெல்லாம் ஒரு ஆம்பளையா, பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டு இன்னொருத்தி கழுத்தில் எப்படிக் கை போகும், இப்படிப்பட்டவனைப் பற்றியெல்லாம் ஏன் புத்தகம் போடுகிறார்கள் என்று கேட்டேன். அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கல்யாணத்தன்று அடைமழை பிடித்துப் பந்தல் சாய்ந்து, சமைத்த சோற்றின்மேல் விழுந்ததைச் சொன்னார். வருடம் பூராவும் பெய்யாத மழை அன்றைக்குப் பெய்தது என்றார்.

"அட, அம்மா கல்யாணத்துலயும் பந்தல் சாஞ்சுச்சுன்னு சொல்லுமே!" என்று சிரித்தேன்.

"மழைக்கு எல்லாப் பந்தலும் ஒண்ணுதான்" என்றார்.

அதற்கு மேல் கதை நகர மாட்டேன் என்றது. கல்யாணம் முடிந்தவனைப் பற்றியே நாலைந்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மாடு வாங்கினான், கிணறு வெட்டினான் என்று போனது. எனக்கு அதுவா வேண்டும்? அந்தக் குழந்தை என்ன ஆனது, அதைச் சொல்லுங்கள் என்று தினமும் நச்சரித்தேன். "இன்னும் அந்தப் பக்கம் வரல" என்பார். கடைசியில் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தது. குழந்தைக்கு விவரம் தெரியும் வயதில், கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு அவன் பஸ் ஏறிப் போகிறான். ஊருக்குப் பின்னால் சதுப்பில் மரங்கள் நிற்கின்றன, அவற்றின் வேர்கள் மேலே பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெயில். வாசலில் அந்தப் பிள்ளை சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்து, "யாரு வேணும்?" என்கிறது.

அய்யா புத்தகத்தை மூடிவிட்டார். "மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்."

"அய்யா, சொன்னானா இல்லையா? நான்தான் உன் அய்யான்னு சொன்னானா? அத மட்டும் சொல்லிட்டு மூடுங்க."

"நாளைக்குத்தா" என்றார். குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், அப்படியே சுவரில் சாய்ந்தார். நான் டம்ளரை எடுக்கப் போனேன். எடுத்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தேன்.

அய்யாவை வேனில் ஊருக்குக் கொண்டுபோனோம். செய்தி கேட்டு வந்த சித்தப்பா, வீடு கழுவிவிடுவதற்காக இங்கேயே தங்கிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் படுத்த பாய், தலையணை, போர்வை, தலைமாட்டில் கிடந்தது எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய், ஊர் எல்லையில் கண்மாய்க்கரையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சித்தப்பாவும் அப்படியே சுருட்டினார். பிறகு அந்தச் சுருட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, தெரியாத டவுனில் கண்மாய்க்கரை தேடித் தெருத் தெருவாக அலைந்திருக்கிறார். கடைசியில் குப்பை வண்டி கண்ணில் பட்டிருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து ராமநாதபுரம் திரும்பிய அன்று, அய்யா படுத்திருந்த இடம் வெறும் தரையாகப் பளிச்சென்று கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் உள்ளே போகப் பார்த்தேன். அப்போதுதான் புத்தகம் நினைவுக்கு வந்தது. அலமாரி, மஞ்சள் பை, பரண் எல்லாம் தேடிவிட்டு, சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தலகாணிக்கு அடியில ஒரு புத்தகம் கெடந்துச்சே சித்தப்பா?"

"கெடந்துச்சு. பாயோட சேத்துச் சுருட்டிட்டேன்."

"அது லைப்ரரிப் புத்தகம்!"

"செத்த ஆளு தலமாட்டுல கெடந்தது எந்தப் புத்தகமா இருந்தா என்னாத்தா? அத வீட்டுல வைக்கலாமா? வண்டிக்காரப் புள்ளகூடப் பிரிச்சுத் தாங்கன்னு சொல்லுச்சு. செத்தவன் சாமானத்த எப்புடிம்மா பிரிக்கிறதுன்னு கேட்டேன். போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

போனில் நான் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். நூலகத்தில் என்ன சொல்வார்களோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் எனக்குப் பெரிய கவலை அது இல்லை. அந்தப் பிள்ளை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு அவன் சொன்ன பதில் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அய்யா எனக்குச் சொல்லாமல் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

மறுநாள் வண்டிக்காரப் பெண்ணிடம் சொன்னேன். தாத்தா இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று வண்டியில் ஏற்றியது அவருடைய பாயா என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வேலை முடிந்ததும் என்னை ஊருக்கு வெளியே குப்பை பிரிக்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் வெறும் செருப்பாகவே ஒரு குவியல். இந்த ஊரில் இத்தனை கால்கள் இருக்கின்றனவா என்று திகைத்துப்போனேன். இன்னொரு பக்கம் பால் பாக்கெட், எண்ணெய்க் கவர், குழந்தைகளுக்குக் கட்டிவிடும் டயப்பர், தேங்காய் மட்டை. அட்டைப் பெட்டிகளை மிதித்துக் கட்டி அடுக்கியிருந்தார்கள். காய்கறிக் கழிவைத் தொட்டிகளில் மக்கவைத்திருந்தார்கள். அது மட்டும் எங்கள் ஊர் உரக்குழி மாதிரியே மணத்தது. நாம் வாசலில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அத்தனையும் இங்கே வந்து இன்னொருவர் கைபட்டுப் பிரிகிறது. பந்தியா போடப்போறோம் என்று கேட்டதை நினைத்து எனக்கே கூசியது.

காகிதக் கட்டுகளை அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நானும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு தேடினேன். கிடைக்கவில்லை.

"பாயோட சுருட்டியிருந்தா இங்கன இருக்காதுக்கா. பாய், தலகாணி, கிழிஞ்ச துணியெல்லாம் லாரியில ஏத்திச் சிமெண்ட் பேக்டரிக்கு அனுப்பிருவாங்க. அங்க சூளையில போட்டு எரிப்பாங்க. அந்த லோடு போயிருச்சு."

அய்யாவை எரித்தபோதுகூட நான் அவ்வளவு அழவில்லை. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

நூலகத்துக்கு நான் போனது அதற்கு அப்புறம்தான். உள்ளே நுழைந்ததும் ஒரு திகைப்பு. மேசை மேசையாக இளம்பெண்கள். தேர்வுக்குப் படிக்கிறார்களாம். காலடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெண்கள் கூடியிருந்தும் ஒரு சத்தமில்லாத இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் நடந்தால் என் செருப்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

நூலகர் ஒரு பெண். நான் அய்யா பெயரைச் சொல்லி, அவர் இறந்துவிட்டார், புத்தகமும் போய்விட்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. எழுந்து வந்து என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "நல்ல மனுசர்ம்மா. புத்தகத்துக்கு என்ன செய்யணுமோ பாத்துக்கலாம், பதறாதீங்க" என்றார்.

"மேடம், அதே புத்தகம் இன்னொண்ணு இருக்குமா? முடிவ மட்டும் படிச்சுட்டுக் குடுத்துடுறேன்."

"முடிவா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, உள்ளே போய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அட்டையில் சிவப்புக் கொண்டையோடு ஒரு சேவல் நின்றது. நாட்டுக்கோழி வளர்க்கும் முறையும் கோழிக்கு வரும் நோய்களும் பற்றிய புத்தகம்.

தவறாக எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். உள்ளே புரட்டினேன். கோழிக்கூடு, தீவனம், அடைவைக்கும் முட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று படம் போட்டிருந்தது. உப்பளமும் இல்லை, பதநீர்க்காரியும் இல்லை.

"இது இல்ல மேடம். அவர் கதைப் புத்தகம்ல எடுத்தாரு. தினம் எனக்கு வாசிச்சுக் காட்டுவாரு."

"கதைப் புத்தகம் அவர் ஒண்ணுகூட எடுத்ததில்லையேம்மா. இதைத்தான் திரும்பத் திரும்பப் புதுப்பிச்சு வச்சுக்கிட்டாரு."

"எங்க வீட்டுல கோழியே இல்லையே? மாடி வீடு மேடம்!"

இப்போது அவர் திகைத்தார். "காரங்காட்டுல மக வீட்டுல கோழியெல்லாம் தலை சாஞ்சு சாஞ்சு சாகுது, என்ன மருந்துன்னு பாக்கணும்னு சொன்னாரே? வாரத்துல பாதி நாள் அங்கதான போயிருவாரு? நீங்க காரங்காட்டு மக இல்லையா?"

அவருடைய மகள் நான் ஒருத்திதான். எனக்குக் கோழி இல்லை. கடற்கரை ஊரான காரங்காட்டை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.  புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தேன். அய்யா மடியில் விரித்து வைத்திருந்தது இந்தச் சேவலைத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோழித் தீவனத்தைப் பார்த்தபடியே, அந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லியிருக்கிறார். பந்தல் சாய்ந்த கல்யாணம் அம்மாவின் கல்யாணம்தான். நான் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டுத் திட்டியது எதிரே உட்கார்ந்திருந்தவரைத்தான்.

முதலில் வந்தது ஆத்திரம்தான், மறைக்க ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்க அம்மாவும் இல்லை. தெரிந்திருந்தால் எப்படிக் காலம் தள்ளினாள், தெரியாமலே போய்ச் சேர்ந்திருந்தால் அது எவ்வளவு பெரிய ஏமாற்று! ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சொல்லித்தான் என்னோடு வந்தார், நூலகம் என்று சொல்லித்தான் தினமும் கிளம்பினார். அத்தனையும் பொய். ஆனால் உடனேயே இன்னொன்றும் தோன்றியது. என்னிடம் அவர் கதையாகவாவது சொல்லப் பார்த்திருக்கிறார். சொல்லவிடாமல் கத்தியது நான்.

கிளம்ப எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். பிறகு அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். தலை சாய்ந்து சாகும் கோழியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. வெள்ளைக் கழிச்சல். வந்த பிறகு மருந்தில்லை, வருவதற்கு முன்னால் தடுப்பு மருந்து போட வேண்டும், கால்நடை மருத்துவமனையில் கேட்டால் போடுவார்கள் என்று இருந்தது. பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி அதை மனப்பாடம் செய்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விட்ரு. போனவரோட போகட்டும். இனிமே போய் யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். எனக்கும் பாதி மனது அதைத்தான் சொன்னது. மருந்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், வேறு ஒன்றும் பேச மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தேவிபட்டினம் வழியாகப் போகும் தொண்டி பஸ்ஸில் ஏறினேன்.

காரங்காட்டில் சதுப்பில் வேரை மேலே நீட்டி நிற்கும் அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்கப் படகு விடுகிறார்கள். துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. டீயும் நண்டுச் சாறும் கிடைக்கும் என்று எழுதிப் போட்டிருந்தது. அய்யாமேல் அடித்த அதே நண்டு வாடை. கடைக்குப் பின்னால் ஒரு கூடு காலியாகக் கிடந்தது, ஒரே ஒரு கோழி வெளியே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்ற பெண் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கழுத்தில் சிலுவை போட்ட கயிறு. அவர் திரும்பினார். அய்யாவின் மூக்கு. அய்யாவின் நெற்றி. புருவத்தைச் சுருக்கிப் பார்ப்பதுகூட அதேதான்.

"வாங்கம்மா. டீயா?"

"உங்க கோழிக்கு மருந்து பாத்துச் சொல்றேன்னு ஒரு பெரியவர்..."

"ராம்நாட்டுப் பெரியவரா?" என்று முகமெல்லாம் மலர்ந்து வெளியே வந்தார். "எங்க போயிட்டாரு? அவரு வருவாருன்னு நண்டு எடுத்து வச்சு வச்சு ஏமாந்து போறேன். சுகமா இருக்காரா?"

சொன்னேன். கையில் பிடித்திருந்த கரண்டியோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வந்தது. "யாரோ எவரோ. ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்குது பாருங்க" என்றார்.

மருந்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அத்தோடு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

"உங்ககிட்ட என்ன பேசுவாரு?"

"என்னத்தப் பேசுவாரு, எங்க அம்மாவப் பத்தித்தான் கேப்பாரு. எப்ப செத்தா, வலி கண்டு செத்தாளா, கடைசியில யாரையாச்சும் கேட்டாளா, அப்புடின்னு. பொழுதுபோகாத மனுசன் கேக்குறாருன்னு நானும் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

"உங்க அய்யா?"

"ஒரு தடவ பாத்திருக்கேன். அவருன்னு தெரியாமப் பாத்தேன். சின்னப் பிள்ளையில வாசல்ல வெளாண்டுக்கிட்டு இருந்தேன், ஒருத்தர் வந்து நின்னாரு. யாரு வேணும்னு கேட்டேன். வீடு மாறி வந்துட்டேன் பாப்பான்னு சொல்லிட்டு, கையில இருந்த வளையல என்கிட்ட குடுத்துட்டுத் திரும்பி நடந்துட்டாரு. அம்மா வந்து வளையலப் பாத்துட்டு ரோடு வரைக்கும் ஓடுனா. பஸ் போயிருச்சு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய குரல்.  வீடு மாறி வந்துட்டேன் பாப்பா. இந்தப் பதிலுக்காகத்தான் நான் குப்பைமேட்டைக் கிளறினேன். இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வந்தும், இந்த பெஞ்சில் உட்கார்ந்து நண்டுச் சாறு குடித்தபோதும், அவர் வேறு பதில் சொல்லவில்லை.

"நீங்க பெரியவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மக."

"ஒரே மகளாம்மா?"

இந்தக் கேள்விக்குப் பிறந்ததிலிருந்து ஆமாம் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். அந்த ஆமாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்ல. நாங்க ரெண்டு பேரு. நான் எளையவ."

"மூத்தவுக எங்கன இருக்காக?"

"இங்கனதான் இருக்காக" என்றேன்.

அவர் எழுந்து, என்னோடு வேறு யாரும் வந்திருக்கிறார்களா என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.